யாரும் தத்தெடுக்காத தெரு

கிங்ஸ்பரியைத் தாண்டி, அது லண்டன்தானா என்று லண்டனுக்கே சரியாகத் தெரியாத ஓர் இடத்தில் நாங்கள் வீடு வாங்கினோம். வீட்டைக் காட்டிய தரகர் தெருமுனையில் நின்று, குரலைத் தாழ்த்தி, இது பிரைவேட் ரோடு என்றார். கருவறைக்கு முன்னால் நின்று பேசுகிறவர் மாதிரி இருந்தது. என் கணவர் நிமிர்ந்து நின்றார். நான் மட்டும் என்ன குறைச்சல்? அன்று மாலையே திருச்சியில் இருக்கும் தங்கைக்கு வீடியோவில் தெருவைச் சுற்றிக் காட்டினேன். "தெருவே சொந்தமா?" என்று அவள் வாயைப் பிளந்தாள். ஆமா என்றேன்.

சொந்தம் என்றால் என்னவென்று குடிவந்த பிறகுதான் புரிந்தது. இந்த நாட்டில் சாலைகளை உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் தத்தெடுக்கும். உண்மையாகவே அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். தத்தெடுத்த சாலைக்கு விளக்கு போடுவார்கள், பள்ளத்தை மூடுவார்கள், உறைபனி விழுந்தால் உப்பு தூவுவார்கள். எங்கள் தெருவை யாரும் தத்தெடுக்கவில்லை. வீடுகளைக் கட்டிய கம்பெனி எப்போதோ கலைந்துபோயிருந்தது. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில் எங்கள் தெரு குகை. குப்பை லாரி உள்ளே வராது. வாரம் ஒரு காலை டாக்டர்களும் இன்ஜினியர்களும் வங்கி அதிகாரிகளும் அலுவலக உடையில் வரிசையாகக் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு பெரிய சாலைக்குப் போவோம். அதுதான் எங்கள் தேரோட்டம்.

இதனால் யாருடைய பெருமையும் குறையவில்லை. எல்லோரையும்விடப் பெருமை அதிகம் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, மளிகைக்கடைகள் போட்டு மேலே வந்தவர். நல்ல மனிதர், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கடையிலிருந்து ரசப்பொடி வந்துவிடும். நான் முதலில் சார் என்று கூப்பிட்டேன். "சார் எண்டு சொல்லாதேங்கோ, நான் என்ன வாத்தியாரே?" என்று சிரித்தார். அதிலிருந்து அண்ணா. என் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி என்னைச் சங்கத்தின் செயலாளர் ஆக்கினார். கூட்டங்களில் என் ஆங்கிலத்துக்கு வேலை வரவில்லை. டீ போடும் வேலைதான் வந்தது.

தெருவின் பின்பக்கம் கவுன்சில் குறைந்த வாடகைக்கு விட்ட அடுக்குமாடி வீடுகள். அங்கே இருப்பவர்கள் பெரிய சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் தெருவழியாகத்தான் நடப்பார்கள். நடந்தார்கள், அவ்வளவுதான். ஒரு பூந்தொட்டிகூடக் காணாமல் போனதில்லை. ஆனால் தலைவருக்கு அது உறுத்தியது. தெரு முகப்பில் மின்சாரக் கேட்டும், பின்பக்கம் ஆளுயரப் பலகை வேலியும் போடவேண்டும் என்றார். பள்ளத்தை மூடலாமே, ஒரு விளக்கு போடலாமே என்று கேட்டேன்.

"தங்கச்சி, உங்களுக்கு விளங்கேல்லை" என்றார் பொறுமையாக. "பள்ளம் எல்லா ரோட்டிலயும் இருக்கு. கேட் ஆரிட்ட இருக்கு?"

கை தூக்கச் சொன்னார்கள். என் கணவரும் தூக்கினார். வீட்டுக்கு வரும் வழியில் ஏன் என்று கேட்டதற்கு, வீட்டு விலை ஏறும் என்றார். நடக்கும்போது அந்தப் பள்ளத்தில்தான் கால் வைத்தார்.

கேட் வந்தது. கறுப்பு இரும்பு, மேலே ஈட்டிமுனை, பக்கத்தில் எண் அழுத்தும் பெட்டி. உள்ளே வர எண் தெரியவேண்டும். வெளியே போக ஒரு பொத்தான். மின்சாரம் போனால் கையால் திறக்க ஒரு சாவியும் கொடுத்தார்கள். அது தொலைந்துவிடக் கூடாது என்று தலைவர் அதைத் தன் கடை இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். பின்வேலியில் முதல் வாரமே ஒரு பலகை கழன்றது. ஆள் வைத்து அடித்தார். மறுபடியும் கழன்றது. பள்ளிப் பிள்ளைகள் அந்த ஓட்டை வழியாக நுழைந்து, பொத்தானை அழுத்திக்கொண்டு வெளியே போனார்கள். முதியோர் வீடுகளுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகும் ஓர் ஆங்கிலேயப் பெண்ணும் அப்படித்தான் ஷிப்டுக்குப் போவாள். ஒருநாள் என்னைப் பார்த்து, நாங்கள் உங்களை என்ன செய்துவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்.

பிறகு தலைவரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மண்டபம் பஸ்ஸில் நான்கைந்து நிறுத்தம் தள்ளி. மணப்பெண் வீட்டு வாசலில் வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் ஏறி, தெருவைக் கடந்து, கேட் மெல்லத் திறக்க, வெளியே வரவேண்டும். அங்கிருந்து கார். அதாவது குதிரைவண்டி எங்கள் தெருவின் நீளத்துக்கு மட்டும். இதற்காக ட்ரோன் கேமராக்காரர் ஒருவரும் வந்திருந்தார். மகளுக்கு இதில் விருப்பமில்லை என்று அவள் அம்மா என்னிடம் முணுமுணுத்தார். குதிரையைப் பார்த்தால் அவளுக்குத் தும்மல் வரும்.

முந்தின நாள் முழுக்க மழை. காலையில் கேட்டின் மோட்டார் செத்துக் கிடந்தது. யாரோ பொத்தானை விடாமல் அழுத்தியதில் அலாரம் மட்டும் உயிர்த்தெழுந்து அலறியது, நிற்கவே இல்லை. குதிரைகள் வெளியே, மணப்பெண்ணும் அலங்கரித்த கார்களும் நாங்களும் உள்ளே. ஆண்கள் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் தள்ளினார்கள். நல்ல கேட், அசையவில்லை. அப்போதுதான் யாரோ சாவியைக் கேட்டார்கள். தலைவர் வானத்தைப் பார்த்தார். ட்ரோன் அவரைப் பார்த்தது.

குதிரைக்காரி கம்பிகளுக்கு வெளியே நின்று, இந்தச் சத்தத்தில் என் பிள்ளைகள் நிற்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு அவற்றை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். கடைக்கு ஆள் அனுப்பிச் சாவி எடுத்துவர நேரமில்லை. மண்டபத்திலிருந்து ஐயர் போனுக்கு மேல் போன்.

மகள்தான் முடிவெடுத்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவின் பின்பக்கம் நடக்கத் தொடங்கினாள். உள்ளே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தாள். ஊரே பின்னால் போனோம். வேலி ஓட்டைக்கு அந்தப் பக்கம், அலாரச் சத்தம் என்னவென்று பார்க்க அடுக்குமாடியிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். பராமரிப்பு வேலைக்குப் போகும் அந்தப் பெண் பக்கத்துப் பலகையையும் பிடித்து இழுத்து விலக்கினாள். சேலை ஆணியில் மாட்டும், பார்த்து வா என்று மணப்பெண்ணுக்குச் சொன்னாள். அவள் நுழைந்தாள். அம்மா நுழைந்தார். சித்திமார் தாம்பாளங்களோடு நுழைந்தார்கள்.

தலைவர் நின்றார். "ஏலாது, பிள்ளை. நான் இதுக்குள்ளால வரமாட்டன்."

"அப்பா, வாங்கோ. நீங்க இல்லாம தாலி கட்ட ஏலாது" என்றாள் மகள் ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து.

அவர் குனிந்தார். தலை போனது, தோள் போனது, வயிறு போகவில்லை. உள்ளே நின்று நானும் என் கணவரும் தள்ளினோம். வெளியே அந்தப் பெண்ணும், பெயர் தெரியாத இரண்டு பேரும் இழுத்தார்கள். ஆறு மாதமாக நாங்கள் வெளியே வைக்கப் பார்த்தவர்கள் எங்கள் தலைவரை உள்ளிருந்து பிடுங்கி எடுத்தார்கள். பட்டுவேட்டியில் ஒரு துண்டு ஆணியில் தங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினேன்.

அடுக்குமாடி முற்றத்தைத் தாண்டினால் பஸ் நிறுத்தம். டாக்ஸி கூப்பிடுவதற்குள் பஸ்ஸே வந்துவிட்டது. டிக்கெட் மெஷினில் வங்கி அட்டைகளைத் தட்டித் தட்டி எல்லோரும் ஏறினோம். தலைவரின் பணப்பை வீட்டில் இருந்தது. டிரைவர் அவருடைய வேட்டியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, போ போ என்று கையை ஆட்டினார். மணப்பெண் முன்சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். அன்று எடுத்த படங்களில் அவள் அழகாகச் சிரிப்பவை அங்கே எடுத்தவைதான். ஐயர் மந்திரத்தை இழுத்து நீட்டி நேரத்தைச் சரிக்கட்டினார். தாலி கட்டியாயிற்று.

அதற்குப் பிறகாவது தெருவுக்குப் புத்தி வந்ததா என்றால், வந்தது மாதிரி ஒரு கூட்டம் நடந்தது. தெருவைத் தத்தெடுக்கும்படி கவுன்சிலைக் கேட்கலாம் என்றார்கள். ஓர் அதிகாரி வந்து நடந்து பார்த்தார். முதலில் சாலையை ஒழுங்கு செய்யுங்கள், கேட்டைக் கழற்றுங்கள், பிறகு பேசலாம் என்றார். கேட்டைக் கழற்றுவதா என்று பாதிப்பேருக்குக் கண் கலங்கியது. கழற்றவில்லை. திறந்த நிலையில் கயிறு போட்டுக் கட்டிவைத்தார்கள். அடுக்குமாடி ஆட்கள் மறுபடியும் நடக்கிறார்கள்.

தலைவர் பதவியை விட்டார். அதற்குக் கேட் காரணமில்லை. வேலி ஓட்டையில் அவர் பாதியாய் நின்ற ட்ரோன் காட்சியை யாரோ தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மனிதர் நொந்துபோனார். நான் போய்ப் பார்த்தபோது, "சனம் சிரிக்கட்டும் தங்கச்சி, அதுக்கேன் பாட்டுப் போட்டவங்கள்?" என்றார். பாவமாக இருந்தது. பாட்டு பொருத்தமாகவும் இருந்தது.

புதிய தலைவராக என் கணவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கூட்டம் முடிந்து வந்தவர், தோசை ஊற்றிக்கொண்டிருந்த என்னிடம், "கேட்டைச் சும்மா திறந்து போட்டிருக்கோம். ரெண்டு கேமராவாவது மாட்டலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

அடுப்பை அணைத்தேன். மாவைப் பிரிட்ஜில் வைத்தேன். இரவுச் சாப்பாட்டை அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். அதற்காவது அவர் கூட்டம் கூட்டிக் கை தூக்கச் சொல்லவில்லை.