முக்கில் நின்ற கன்ட்ரோலர்

செய்தித்தாள் டெஸ்க்கில் இருந்த காலத்திலேயே எனக்கு ஒரு வியாதி உண்டு. நிருபர் அனுப்பும் செய்தியை வாங்கி, உரிய பக்கத்துக்குத் திருப்பிவிடுவதுதான் என் வேலை. அது எனக்குப் போதாது. பத்திகளை இடம் மாற்றுவேன், தலைப்பைக் கலைப்பேன், பக்கம் வடிவமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொல்வேன். நான் விடுப்பில் இருந்த நாட்களில் பக்கங்கள் சீக்கிரம் முடிந்ததாகக் கேள்வி.

வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு வந்து, இணையப் பாடங்களைப் பார்த்து மென்பொருள் எழுதக் கற்றுக்கொண்டேன். வியாதியும் கூடவே வந்தது.

மென்பொருளை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதும் முறை ஒன்று இருக்கிறது. தகவலையும் அதற்கான விதிகளையும் வைத்திருப்பது மாடல். திரையில் காட்டுவது வியூ. நடுவில் நிற்பது கன்ட்ரோலர். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை அது வாங்கிக்கொள்ளும், மாடலிடம் கேட்கும், வந்த பதிலை எந்தத் திரையில் காட்டுவது என்று சொல்லும். அதோடு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பாடம் நடத்திய எல்லோரும் இதைச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அக்காவின் கணவர், என் அத்தான், ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். அதற்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. எங்கள் பக்கம் திங்கட்கிழமை முகூர்த்தம் என்றால் ஞாயிறு சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிடுவார்கள். மண்டபம் ஞாயிறு மத்தியானத்திலிருந்தே பெண் வீட்டார் கையில். கணினிக்கு இது தெரியாது. அதற்குத் திங்கள் என்றால் திங்கள்தான். எனவே, கல்யாணம் பதிவானால் முந்தின சாயங்காலத்தையும் பூட்டிவிடும்படி ஒரு விதி எழுதினேன். மாடலில் எழுத வேண்டிய விதி. நான் அதை இணையப் படிவத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலரில் எழுதினேன். டெஸ்க்கில் உட்கார்ந்து பழகியவனுக்கு முடிவெல்லாம் டெஸ்க்கில்தான் எடுக்க வரும்.

கொஞ்ச நாள் கழித்து அத்தான் சொன்னார்: "மாப்ள, போன்ல கேக்குறவியதான் ஜாஸ்தி. என் செல்லுலயே தேதியப் போடுற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன்."

அதற்குத் தனியாக இன்னொரு கன்ட்ரோலர் எழுதினேன். மண்டபத்துக்கு இரண்டாவது வாசல் வைத்தது போல. பூட்டு முதல் வாசலில் மட்டும் தொங்கியது. செல்லில் பார்த்தால் முந்தின சாயங்காலம் காலி என்று பச்சையில்தான் தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பர் வீட்டு விருந்தில் உட்கார்ந்து, மென்பொருளில் ஒழுங்கு ஏன் முக்கியம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா போனில் வந்தாள்.

"ஏலே, ஒரே கேட்டுல ரெண்டு கூட்டம் பிளக்ஸ் கட்டுதாங்க. எந்தப் பொண்ணுலே இன்னைக்கு?"

பாயசத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மண்டப வாசலின் இடது தூணில், அன்று காலை ஆண்டாள் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட ஜோடி. சாயங்காலம் அவர்களுக்கு வரவேற்பு, அத்தான் செல்போனில் போட்டது. வலது தூணில் மறுநாள் முகூர்த்தத்துக்கான மம்சாபுரத்துப் பெண். அது இணையத்தில் பதிவானது. இரண்டு பாத்திர வேன்கள் மூக்கோடு மூக்கு உரச நின்றன. இரண்டு சமையல்காரர்களும் ஒருவர் அண்டாவை ஒருவர் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள்.

"பச்சையாத்தான காட்டுச்சு மாப்ள, போட்டேன்," என்றார் அத்தான். திட்டியிருந்தால் தேவலை.

மம்சாபுரத்துப் பெண்ணின் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் பூப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். "ஆறு மணிக்கு அவிய வந்து எறங்குவாக அண்ணாச்சி. வாசல்ல வேற பொண்ணு படத்தப் பாத்தா என்ன நெனப்பாக? பரிசம் போட வந்தப்பவே எம்புட்டுக் கொற சொன்னாக தெரியுமா? எம்பொண்ணு நாளைக்கு அந்த வீட்டுக்குத்தான போகணும்."

இரு வீட்டுப் பெரியவர்களும் அத்தானும் பேசி ஒரு வழி கண்டார்கள். எட்டு மணி வரை கூடம் வரவேற்புக்கும் அதன் பாட்டுக் கச்சேரிக்கும். கல்யாண வீட்டார் பக்கத்துச் சந்து வழியாக மாடிக்குப் போய் டிபன் சாப்பிடுவது. கூடம் காலியானதும் மாப்பிள்ளை அழைப்பு. மம்சாபுரத்துப் பிளக்ஸைச் சந்து வாசலுக்கு மாற்றினார்கள். ஆனால் தெரு பிரியும் முக்கில் ஒருவர் நின்று வருகிறவர்களைக் கேட்டுத் திருப்பிவிட வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரிசப்ஷனா, கல்யாணமா?"

முதலில் நன்றாகத்தான் போயிற்று. கேட்டேன், கையை நீட்டினேன், போனார்கள். பிறகு வியாதி தலைதூக்கியது. கூடத்தில் கூட்டம் நெரிகிறது, மாடியில் இலைகள் சும்மா கிடக்கின்றன என்று ஓடிப்போய்ப் பார்த்து வந்தேன். கான்சாபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்த வரவேற்புக்காரர்களை, கைக்குழந்தைகள் இருக்கிறதே என்று மாடிக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்ட முதல் பந்தியில் அவர்கள் உட்கார்ந்து கேசரியை முடித்துவிட்டார்கள்.

பெண்ணின் அம்மா சந்து வழியாக மூச்சிரைக்க வந்தார். "அண்ணாச்சி, ஒங்களக் கும்பிடுறேன். யாருன்னு கேளுங்க, வழியக் காட்டுங்க. யாருக்கு எல போடணும்னு உள்ள இருக்குறவுக பாத்துக்கிடுவாக. நீங்க ஒண்ணும் யோசிக்காதிய!"

இதே விஷயத்தை இணையப் பாடங்களில் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மரியாதை ஒத்துவரவில்லை போலிருக்கிறது. அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. யோசிக்காமலே நின்றதால், பூ வைத்த கார் ஒன்று வந்து நின்றதும் குனிந்து, பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தவரிடமே கேட்டேன்:

"ரிசப்ஷனா, கல்யாணமா?"

"கல்யாணந்தாங்க," என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "எனக்குத்தான்" என்று சேர்த்தார்.

சந்தைக் காட்டினேன். முன் இருக்கையிலிருந்த அவருடைய மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்ணின் அம்மா எனக்குப் பின்னால் பூப்பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

"பரவால்லயே," என்றார் மாமா, டிரைவரிடம். "வழி காட்டுறதுக்குன்னே முக்குல ஆளு போட்டுருக்காக. மண்டபத்துல பாட்டுக் கச்சேரி வேற கேக்குது. பொண்ணு வீட்ல செய்முற பலமாத்தான் இருக்கு!"

கார் சந்துக்குள் திரும்பியது. மாடியில் கேசரி மறுபடி கிளறிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு வீட்டுச் சமையல்காரர் ரவை கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை, அதனால்தான் நடந்தது.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போய் அந்த விதியை மாடலுக்கு மாற்றினேன். இப்போது எந்த வாசல் வழியாக வந்தாலும் முந்தின சாயங்காலம் பூட்டியே இருக்கிறது. கன்ட்ரோலர்கள் இரண்டும் இளைத்துவிட்டன.

ஆனால் மம்சாபுரத்திலிருந்து மண்டபம் கேட்டுப் போன் செய்கிறவர்கள், "முக்குல நிக்கிற ஆளும் சேத்துத்தான?" என்று கேட்கிறார்களாம். அத்தான் அதற்கும் திரையில் ஒரு கட்டம் வேண்டும் என்றார். சேர்த்துக் கொடுத்தேன். முகூர்த்த நாட்களில் பாதிக்கு அந்தக் கட்டத்தில் என் பெயர்தான் இருக்கிறது.