வார்த்தை சொல்லாமல் சட்டை இல்லை

இடது கையில் போனை எட்டப் பிடித்து, வலது கையை முஷ்டியாக மடக்கித் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் ஸ்டானிஸ்லாஸ் குறுஞ்செய்தி படிப்பார். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில் மகள் ஐரீன் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் நிறுவனத்தின் புதுச் செயலியை அப்பாவின் போனில் ஏற்றிச் சோதிப்பது வாராவாரம் இருவரும் சேர்ந்து செய்கிற வேலை.

“உங்கள் பார்சல் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. விடுவிக்க இங்கே அழுத்தவும்” என்று உரக்க வாசித்தார். “ஐரீனு, ஒண்ணு வந்துகீது. எறக்கலாமா?”

“வேணாம்பா. திருட்டுப் பசங்க.”

“திருட்டுப் பசங்கதான். ஆனா நம்ம ஹார்பர்னு போட்டுகிறானே. எந்த பெர்த்துன்னு போடல பாரு.”

அனுப்பியவனை அவரே கூப்பிட்டார். கப்பல் எந்த பெர்த்தில் நிற்கிறது, அதன் பெயர் என்ன, ஃபோர்மேன் யார் என்று விசாரித்தார். மறுமுனை சிறிது நேரம் சமாளித்துவிட்டு வைத்துவிட்டது. “ஒரு கப்பல் பேரு கூடத் தெரியாம இன்னாமா பொழப்பு நடத்துறானுங்க” என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவருக்குக் கீழேயிருந்து கையால் சைகை காட்டி ஓய்வு பெற்றவர் அவர். மடக்கிய முஷ்டி மேலே போனால் சரக்கு அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். சைகை காட்டியவர் கையை இறக்கும்வரை யாரும் அசைக்கக்கூடாது. கல்மண்டபம் பகுதியில் உள்ள வீட்டிலும் அந்தக் கை ஓயவில்லை. கொதிக்கும் குழம்பு, பின்னால் வரும் ஷேர் ஆட்டோ, பங்குச் சாமியாரின் பிரசங்கம், எல்லாவற்றுக்கும் முஷ்டி உயரும். குழம்பும் ஆட்டோவும் சில நேரம் அடங்கும். பிரசங்கம் அடங்கியதில்லை.

ஐரீனின் நிறுவனம் போன் மோசடிகளைத் தடுக்கும் செயலி செய்கிறது. வேலையைத் தொடங்குமுன் நாலைந்து வாடிக்கையாளர்களைக் கற்பனையாக உருவாக்குவார்கள். பெயர், வயது, பழக்கம், பயம் எல்லாம் எழுதி ஆளுக்கு ஓர் அட்டை. பெர்சோனா என்று பெயர். திரையில் ஒரு பொத்தான் வைப்பதென்றாலும் ‘இது இவருக்குப் புரியுமா’ என்று அட்டையைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐரீன் தன் அப்பாவை வைத்து ஓர் அட்டை எழுதினாள். பெயரை மட்டும் அருள்பிரகாசம் என்று மாற்றினாள். முகத்துக்கு, விலைக்கு வாங்கிய படம்: லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா.

ஒருநாள் அட்டை ஸ்டானிஸ்லாஸ் கண்ணில் பட்டது. துறைமுகத்தில் ஓர் ஆளைப் பற்றி அட்டையில் எழுதினால் அது டூட்டி சார்ட்தான். பெயர் தப்பாக விழுவதும் அங்கே சகஜம். எனவே மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டார். ‘எதையும் தொடுமுன் மகளிடம் கேட்பார்’ என்றிருந்தது. பால் பாக்கெட்டை வெட்டலாமா என்று ஆபீசுக்குப் போன் வந்தது. ‘மாலையில் வெளியே போவதில்லை’ என்றிருந்தது. சாயங்கால டீக்கடையை விட்டுவிட்டார்.

“ப்பா, அது நான் கற்பனையா எழுதினது. நீ டீ குடிக்கப் போ.”

“சார்ட்ல அப்டி இல்லியே. உன் ஆபீசரு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? மாத்தி எழுதிக் குடு, போறேன்.”

மாற்றி எழுதினாள். போனார். போகும்போது, “அந்தப் பல்செட்டு துரை யாரு? என் டூட்டிய அவன் பாக்கறானா?” என்றார்.

‘கடவுச்சொல் கேட்காமல் எதையும் விடமாட்டார்’ என்ற வரியை மட்டும் அவர் தெருவுக்கே அமல்படுத்தினார். தன் துணியைக் கேட்டு யார் வந்தாலும் வார்த்தை கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று இஸ்திரி வண்டி வரதனுக்கு உத்தரவு. துணி போடும்போதெல்லாம் புது வார்த்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மறந்துபோய் வண்டி முன்னால் லுங்கியோடு நின்றார்.

“வரதா, நான்தான்டா.”

“நீதான்னு தெரியுதுண்ணா. வார்த்தை இன்னா?”

“டேய், என் பேண்ட்டுடா அது.”

“நானே வந்து கேட்டாலும் குடுக்காதன்னு சொன்னது யாரு?”

‘வஞ்சிரம்’ என்று ஞாபகம் வந்தபோது பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஐரீன் அதையும் அட்டையில் சேர்த்தாள்: ‘தன் பூட்டில் தானே மாட்டிக்கொள்வார்.’ அந்த வரிக்காகவே ஒரு பொத்தானும் வரைந்தாள். மடக்கிய முஷ்டி. அழுத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும். வீட்டு ஆள் ஒருவர் பார்த்து விடுவிக்கலாம்.

குழுத் தலைவர் பகலவன் நம்பவில்லை. “இப்படி ஒரு ஆள் கிடையாது ஐரீன். நீங்க கதை எழுதறீங்க. நிஜமான ஆளுன்னா நிஜமான போட்டோ கொண்டு வாங்க. இல்லன்னா திங்கட்கிழமை மீட்டிங்ல கார்டை எடுத்துடலாம். பட்டனும் போயிடும்.”

அந்தச் சனிக்கிழமை நெத்திலி ஆய்ந்து முடித்த கையோடு இதை அப்பாவிடம் சொன்னாள்.

“இல்லாத ஆளா? நானா?” ஸ்டானிஸ்லாஸ் அப்போதே வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டுபோய் வரதனிடம் போட்டுவிட்டு வந்தார். “நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அத மாட்டிகினு ஸ்டூடியோவுக்குப் போறேன். நீ துரைய தூக்கு.”

அவள் தூக்கினாள். அட்டையில் முகத்துக்கான வட்டம் காலியானது.

ஞாயிறு விடியலில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மதியம் பகலவன் மாலையோடு வந்தார். சாயங்காலம் அடக்கம். உடுத்த வெள்ளைச் சட்டை வேண்டும் என்றார்கள். வாங்கிவரப் பகலவனே இஸ்திரி வண்டிக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

“குடுக்க மாட்டேங்கறாரு ஐரீன். அழுதுகினே வார்த்தை கேக்கறாரு.” பகலவனும் பக்கத்துப் புளியந்தோப்புக்காரர்தான், ஆனால் ஆபீசில் ஒருநாளும் ‘கினு’ போட்டதில்லை.

“எனக்கும் தெரியாதே” என்றாள் ஐரீன். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. துறைமுகத்துக் காக்கிச் சட்டையைப் போட்டுத்தான் அப்பாவை அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை மீட்டிங்குக்கு அவள் போகவில்லை. “அப்படி ஒரு ஆள் இருக்கார், நான் பார்த்தேன்” என்று பகலவன் சொன்னதாகவும், அட்டையும் பொத்தானும் தப்பியதாகவும் பிறகு தெரிந்தது. ஏதாவது ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அப்பாவின் படங்கள் நிறைய உண்டு. அவள் எதையும் அனுப்பவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது வரதன் கூப்பிட்டார். மேல் தட்டில் தனியாக மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

“எடுத்துகினு போமா. வார்த்தையெல்லாம் வேணாம்.”

ஐரீன் வலது கையை மடக்கித் தோளுக்கு மேலே தூக்கினாள். வரதன் சட்டையை இருந்த இடத்திலேயே வைத்தார்.