இரும்புப் படையின் தையல்காரி

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த அவரை எல்லோரும் ‘மைக்’ என்றே அழைத்தார்கள். நடைமேடைக்கு மேலே கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு பொந்து மாதிரி அறை. ஒரு நாற்காலி, கடகடவென்று ஆடும் மின்விசிறி, ஒரு ஒலிவாங்கி. எந்த வண்டி தாமதம், யாருடைய குடை கழிப்பறையில் அனாதையாகக் கிடக்கிறது என்பதையெல்லாம் அவர் சொல்கிற அழகில், வண்டியைத் தவறவிட்டவர்கள்கூட முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார்கள்.

நாளெல்லாம் பேசிவிட்டு வந்தால் வீட்டிலாவது வாய் ஓய வேண்டுமே. அதுதான் கிடையாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே ‘சாம்பல் கோள்கள்’ ஆரம்பித்துவிடும்.

அது ஒரு மேசை விளையாட்டு. கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்களை எதிரெதிரே நிறுத்தி, இஞ்ச் டேப்பால் அளந்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட வேண்டும். விண்வெளியில் எங்கோ, எந்தக் காலத்திலோ நடக்கும் போர். விதிப்புத்தகம் தலையணை கனம். எந்தப் படைக்கு யார்மேல் என்ன வன்மம் என்று சொல்லும் கதைப் புத்தகங்கள் மெத்தை கனம். மைக் ஒரு ஆட்டமாவது ஜெயித்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் துணுக்குத் தகவல் என்று வந்துவிட்டால் அவரை அசைக்க ஆளில்லை. இரும்புப் படை ஏன் பின்வாங்குவதே இல்லை? பெரிய வீரமெல்லாம் ஒன்றுமில்லை. உலோகத்தை மிச்சம் பிடிக்க அந்தப் படையின் அரசர் இயந்திரங்களின் ரிவர்ஸ் கியரைக் கழற்றி விற்றுவிட்டார். இப்படி ஆயிரம் வைத்திருந்தார்.

இதையெல்லாம் கேட்க அவருக்கு வாய்த்தவர் மனைவிதான். சன்னலோரம் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். சாப்பாட்டு மேசையைப் படைகள் பிடித்துக்கொண்டதால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகியவர். மைக் பொம்மைக்கு வர்ணம் பூசிக்கொண்டே பேசுவார். மனைவி மிஷினை மிதித்துக்கொண்டே “ம்” கொட்டுவார். அந்த “ம்” காதிலிருந்து வருகிறதா காலிலிருந்து வருகிறதா என்று மைக் ஆராய்ந்ததில்லை.

ஒருநாள் காலை, “பயணிகளின் கனிவான” என்பதோடு குரல் நின்றுவிட்டது. அடுத்து வந்தது தகரத்தை உரசுகிற சத்தம்.

தொண்டை டாக்டர் உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தார். “குரல் நாண்ல தடிப்பு விழுந்திருக்கு. ஒரு மாசம் பேசவே கூடாது. கிசுகிசுன்னுகூடக் கூடாது.”

“ஆனா டாக்டர்…” என்று தகரம் உரசியது.

“இதைத்தான் கூடாதுங்கறேன்.”

“அதை அப்படியே சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்,” என்றார் மனைவி. “கொஞ்சம் பெரிய எழுத்தா.”

நிலையத்தில் பதிவு செய்த குரல் ஒன்றை ஓடவிட்டார்கள். மைக்குக்கு நீண்ட விடுப்பு. கழுத்தில் ஒரு சிலேட்டை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். முதல் வாரம் மனைவிக்குச் சொர்க்கமாக இருந்தது. பிறகு என்னவோ மிஷின் சத்தம் அளவுக்கு மீறிக் கேட்க ஆரம்பித்தது. நடுநடுவே யாரும் எதுவும் சொல்லாமலே “ம்” என்று சொல்லிவிட்டு, தானே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்த மாதம் பார்த்துத்தான் சங்கத்தின் துணுக்குப் போட்டி வந்து தொலைத்தது. மெத்தைக் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடிச் சாம்பல் கோள்கள் ஆடுபவர்களின் சங்கம் அது. போட்டியில் பதிலை வாயால்தான் சொல்ல வேண்டும். மைக்கின் பரம எதிரி ஒரு வங்கிக் காசாளர். எதைச் சொன்னாலும் “அதுக்குக் கீழ பொடி எழுத்துல வேற போட்டிருக்கே” என்பதால் அவருக்குப் ‘பின்குறிப்பு’ என்று பெயர். கோப்பை அந்த மனிதரிடம் போவதை நினைத்து மைக்குக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் விதிப்புத்தகத்திலேயே ஒரு வழி கிடைத்தது. நாக்கு இழந்த தளபதி தனக்காகப் பேச ஒரு தூதரை நியமிக்கலாம்! சிலேட்டில் எழுதி மனைவியிடம் நீட்டினார்.

“எனக்கு என்ன தெரியும் அதப் பத்தி? கடகடன்னு ஏதோ சொல்வீங்க, நான் ம் போடுவேன்.”

‘நான் எழுதுறத நீ படிச்சாப் போதும்.’

ஆனால் மாடியில் போய் நின்றதும் பின்குறிப்பு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். “தூதர் வரலாம். நான் மறுக்கல. ஆனா கீழ பொடி எழுத்துல பாருங்க. ‘தூதர் பேசுகையில் தளபதி சைகையோ எழுத்தோ காட்டலாகாது.’ அண்ணி தனியாத்தான் பதில் சொல்லணும்.”

நடுவராக இருந்த கால்நடை மருத்துவர் படித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தலையாட்டினார். மைக்கின் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். கோப்பை கைவிட்டுப் போயிற்று என்று மைக் கண்ணை மூடிக்கொண்டார்.

“உருட்டின பகடை தரையில விழுந்து ஆறு காட்டுது. கணக்குல உண்டா?” என்றார் மருத்துவர்.

“செல்லாது. திரும்பப் போடணும்,” என்றார் மனைவி பட்டென்று. “எங்க வீட்ல என் மிஷினுக்கு அடியிலதான் எப்பவும் ஆறு விழும். மேசைமேல ஒண்ணுதான்.”

கூட்டம் சிரித்தது. மைக் ஒரு கண்ணைத் திறந்தார்.

“இரும்புப் படை ஏன் நீல நிலாவுல கால் வைக்கிறதில்ல?”

“அது சம்பந்தி சண்டைங்க.” மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். “இரும்பு ராசா சின்னப் பொண்ணை அங்கதானே குடுத்தாரு. விருந்துல பொண்ணைப் பெத்தவரைக் கடைசி வரிசையில உக்கார வெச்சுட்டாங்க. அதுவும் யாரு பக்கத்துல? சாப்பிடவே சாப்பிடாத ரோபோக்களுக்கு நடுவுல! பரிமாற வர்றவன் அந்த வரிசைக்கு ஏன் வரப்போறான்? மனுஷன் பசியோட எழுந்து வந்தவரு, இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டாரு. தப்பு சொல்ல முடியுமா?”

மருத்துவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். ‘திருமண விருந்தில் நேர்ந்த அவமதிப்பால்’ என்று ஒரே வரிதான் இருந்தது. முழு மதிப்பெண் போட்டார். பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

“பூஞ்சைப் படையோட மாவீரன் எப்படி வீழ்ந்தான்?”

“எங்க வீழ்ந்தான்? காஞ்சு போனான். ரெண்டு சூரியன் இருக்கிற கோள்ல போய் இறங்கினா பூஞ்சைக்கு வேற என்ன ஆகும்? அவங்கம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டாளாம், போகாதடான்னு.”

அம்மா பற்றி அட்டையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பதில் சரி. இத்தனை வருடமும் அந்த “ம்” காதிலிருந்துதான் வந்திருக்கிறது! பெருமையில் எழுந்து நிற்கப் போனவரைப் பின்குறிப்பு, “சைகை, சைகை!” என்று உட்கார வைத்தார்.

பின்குறிப்பும் சளைக்கவில்லை. இருவரும் சமமாக வந்து நின்றார்கள். முடிவான கேள்வி மனைவிக்கு வந்தது.

“இரும்புப் படைக் கொடியில நடுவுல குறுக்கா ஒரு கோடு ஓடுதே, அது ஏன்?”

மைக் சட்டென்று கவிழ்ந்து கிடந்த சிலேட்டைப் பார்த்தார்.

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதாங்க. அது கோடு இல்ல, ஒட்டுத் தையல். நாளைக்குப் போர்னா இன்னைக்குக் கொடி வேணும்னு வந்து நிக்கிறாங்க. கப்பல்ல துணி பத்தல. ஒரு தையல்காரிதான் குலுங்குற கப்பல்ல உக்காந்து ரெண்டு துண்டை ஒட்டித் தெச்சுக் குடுத்தா. அவ இல்லன்னா கொடியே இல்ல.”

மருத்துவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணன் தம்பி பிரிஞ்சதோட அடையாளம்னு இல்ல போட்டிருக்கு…”

“எந்தப் புத்தகம் அண்ணி? எந்தப் பக்கம்?” என்றார் பின்குறிப்பு. கேலியாக அல்ல. அவர் படிக்காத பக்கம் ஒன்று இருக்குமோ என்ற நிஜமான பயம் அது.

“பக்கமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இதோ இருக்காரே, இவரைக் கேளுங்க.”

சிலேட்டை மைக்கிடம் நிமிர்த்திக் கொடுத்தார்கள். ஏதாவது ஒரு பக்க எண்ணை எழுதலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது. பின்குறிப்பு புத்தகங்களை மூட்டையாகக் கொண்டுவந்திருப்பதைப் பார்த்ததும் தயக்கம் தீர்ந்தது. எழுதி மனைவியிடம் நீட்டினார். தூதர் என்ற பொறுப்போடு மனைவி உரக்கப் படித்தார்.

“‘தையல்காரி என் சொந்தச் சரக்கு.’”

படித்த பிறகுதான் புரிந்தது. சிலேட்டை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். கோப்பை பின்குறிப்புக்குப் போனது.

தெருவில் மனைவி முன்னால் விறுவிறுவென்று நடக்க, மைக் பின்னால் ஓடினார். ஓடிக்கொண்டே எழுதினார். முன்னால் போய் நின்று காட்டினார்.

“கண்ணாடி கொண்டு வரல,” என்று மனைவி விலகி நடந்தார். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மிஷின் அலறத் தொடங்கியது. யாருக்கோ தைத்த சட்டைக்குத் தேவையில்லாத இரட்டைத் தையலெல்லாம் விழுந்தது. ஒரு கை முடிந்த பிறகு, திரும்பாமலே கேட்டார். “ஊர் நடுவுல என்னை முட்டாளாக்கிட்டீங்களே. எதுக்கு அப்படி ஒரு பொய்?”

மைக் வெகுநேரம் எழுதினார். இந்த முறை மனைவி படித்தார். ‘கல்யாணமான புதுசு. இந்தச் சண்டையில ஒரு பொம்பளகூடவா இல்லன்னு கேட்ட. அதுதான் நீ மொதமொத என்கிட்ட கேட்ட கேள்வி. இல்லன்னு சொல்ல மனசு வரல.’

மனைவி சிலேட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“வேற எதெல்லாம் உங்க சரக்கு? ஒழுங்கா எழுதுங்க.”

‘மாவீரனோட அம்மா.’

“அந்தம்மாவுமா! ரிவர்ஸ் கியரை வித்தது?”

‘அது நிஜம்.’

“ரோபோ பந்தி?”

‘நிஜம்.’

“அடக் கடவுளே, அது ரெண்டும்தான் பொய்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்!” என்று மனைவி சிரித்துவிட்டார். மைக்குக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கவும் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்ததால், தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கினார்.

இரண்டு நாள் கழித்துப் பின்குறிப்பு வாசலில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. கையில் கதைப் புத்தகமும் ஒரு பூதக்கண்ணாடியும்.

“எனக்குத் தூக்கமே வரல அண்ணி. நீங்க சொன்னப்புறம் கொடிப் படத்தை எடுத்துப் பாத்தேன். அது கோடு இல்ல. புள்ளி புள்ளியா இருக்கு.”

மனைவி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். “அட ஆமா. விட்டு விட்டு ஊசி ஓட்டுவோமே, அந்த ஓட்டுத் தையல் மாதிரிதான் போட்டிருக்கான். ஆனா இப்படித் தெச்சா முதல் காத்துலயே பிரிஞ்சு கையில வந்துடும்.”

“விண்வெளியில காத்து ஏது அண்ணி?”

“அப்போ கொடி எப்படிப் பறக்குது?”

பின்குறிப்பு புத்தகத்தைப் பிரித்துத் தேடினார். அந்தக் கேள்விக்குப் பொடி எழுத்தில்கூடப் பதில் இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மைக் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சங்கம் கூடிப் பேசி, தங்கள் மாடிக்கு மட்டும் ஒரு விதி சேர்த்துக்கொண்டது. இரும்புப் படையில் தையல்காரி என்று ஒரு பொம்மை உண்டு. அவள் யாரையும் சுட மாட்டாள். நூல் எட்டுகிற தூரத்தில் யார் கிழிந்து கிடந்தாலும், ஆட்டத்தில் ஒருமுறை தைத்து எழுப்பிவிடலாம். நூல் எத்தனை இஞ்ச் எட்டும் என்று ஒரு முழு ஞாயிறு தகராறு நடந்தது. கடைசியில் அண்ணி சொன்னதே முடிவானது. பொம்மையை மைக்தான் செய்தார். அதன் மூக்குக் கண்ணாடியை மட்டும் மூன்று முறை அழித்து அழித்து வரைந்தார்.

மாதம் முடிந்து டாக்டர் அனுமதித்தபோது குரல் வந்தது. ஆனால் பழைய குரல் வரவில்லை. கொஞ்சம் கரகரப்பாக, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. நிலையத்தில் பதிவுக் குரலுக்கும் அவருக்கும் பாதிப் பாதி வேலை என்று ஏற்பாடாயிற்று. தொலைந்துபோன பொருட்கள் பற்றிய அறிவிப்பு மட்டும் மைக் வசமே இருந்தது. அதற்கு உருக்கம் வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இருவரும் சேர்ந்தே மெத்தைக் கடை மாடி ஏறுகிறார்கள். அண்ணி எடுத்துக்கொண்டது பூஞ்சைப் படை. முதல் ஆட்டத்திலேயே மைக்கின் இரும்புப் படையைச் சுற்றி வளைத்துவிட்டார்.

“இப்படி ஓரமா சாஞ்சு நிக்கிற பகடை செல்லாது,” என்று மைக் கரகரத்தார்.

“டாக்டர் என்ன சொன்னாரு? அதிகம் பேசக் கூடாதுன்னாரா இல்லையா?” என்று சொல்லிக்கொண்டே அண்ணி அவருடைய தளபதியை மேசையிலிருந்து எடுத்து ஓரமாகப் படுக்க வைத்தார்.