பச்சை வட்டம்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நின்றுகொண்டிருந்தேன். கட்டிலில் என் அக்கா வள்ளி. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் அக்காவின் சர்க்கரை மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய அளவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்நூத்தி எண்பத்தெட்டு... நானூத்தி ரெண்டு... முந்நூத்தி எழுபத்தொண்ணு... என்ன சார், வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

கவனிக்கவில்லையா? நானா? தினமும் பல் தேய்க்கும் முன்பே பார்த்தேனே! போனை எடுத்து நீட்டினேன். அதே தேதிகள். 118. 122. 115. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம்.

டாக்டரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஆப் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இதே பக்கத்தில் நான் பீற்றிக்கொண்ட ஆப்தான். அக்கா விக்கிரமசிங்கபுரத்தில் தனியாக இருக்கிறாள். மில்லில் வேலை பார்த்த அத்தான் காலமாகிவிட்டார், மகன் ஓசூரில். காலையில் விரலில் குத்தி மீட்டரில் பார்க்க வேண்டும், வருகிற எண்ணை ஆப்பில் போட வேண்டும். அடுத்த நொடி அது மகனுக்கும் எனக்கும் வந்துவிடும். சரியாக இருந்தால் பச்சை, ஏறியிருந்தால் சிவப்பு. 'வயசானவங்க இதையெல்லாம் தொட மாட்டாங்கன்னு யார் சொன்னது? என் அக்காவைப் பாருங்க!' என்று எழுதினேன். எந்த ஆப் என்று கேட்டு எத்தனை பேர் கடிதம் போட்டீர்கள்...

அதற்கு முன்னால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் ஊர் வழியாகப் போகும் பாபநாசம் பஸ் ஏறி அக்காவைப் பார்க்கப் போவேன். ஆப் வந்த பிறகு? பச்சை வந்ததும் ஒரு கட்டைவிரல் பொம்மையைத் தட்டிவிட்டு என் ஜோலியைப் பார்த்தேன். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பொங்கல்படியைக்கூடப் பணமாகப் போனிலேயே அனுப்பினேன்.

அக்காவின் காலில் முள் குத்தியிருக்கிறது. சர்க்கரை ஏறிய கால்... வலி தெரியவில்லை. புண் கறுத்து, பக்கத்து வீட்டுப் பெண் வாடையை வைத்துக் கண்டுபிடித்து எனக்குப் போன் செய்தபோது காலம் கடந்திருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் இட்லி ஊட்டிவிட்டுக் கேட்டேன். "ஏன்க்கா இப்படிப் பண்ணுன? நீ பொய்யாப் போட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"மொத வாரம் உள்ளதைத்தாம்ல போட்டேன். முந்நூத்திப் பத்து. சிவப்பு வந்துச்சு. உடனே போன் போட்டு நீ என்ன கேட்ட? நெனவிருக்கா?"

இருந்தது. 'என்னத்தத் தின்ன? வாயக் கட்ட முடியலையா ஒனக்கு?' அதுதான் என் முதல் கேள்வி. மகன் தன் பங்குக்கு அந்தச் சிவப்பைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். மதினிமார், சித்தி மக்கள், சம்பந்தி வீடு வரை ஆளுக்கொரு அறிவுரை. பாகற்காய், வெந்தயம், நடை...

"அந்த வாரம் சொந்தத்துல ஒரு கல்யாணம். மறுவீட்டுச் சாப்பாட்டுல தேங்காப்பால் சொதி ஊத்த வந்த பிள்ளையத் தடுத்துட்டாளுவ. 'வள்ளி அத்தைக்கு வேண்டாம், ஆப்புல சிவப்பு'ன்னு. பந்தியே என் இலையப் பாக்கு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி பச்சைதான்னு. எவ்வளவு போட்டா பச்சை வரும்னு நாலு நாளுல பிடிபட்டுட்டு."

"அப்ப தினமும் குத்திப் பாத்தது எதுக்குக்கா?"

"அது எனக்கு. இது உங்களுக்கு."

"சிவப்பு போட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே!"

"வந்திருப்ப... ஏசுததுக்கு வந்திருப்ப. என்னையப் பாக்கவா வந்திருப்ப?"

வராண்டாவுக்கு வந்து அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

ஜனங்கள் இந்த மாதிரி ஆப்களை ஏன் பயன்படுத்துவதில்லை என்று பேசுகிறவர்கள் நிறையக் காரணம் சொல்கிறார்கள். எழுத்து பொடிசு, இங்கிலீஷ் புரியாது, நெட் கிடைக்காது, பாஸ்வேர்டு மறந்துபோகும். எல்லாம் சரிதான். அக்காவுக்கு அதில் ஒன்றுகூடத் தடையில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைவிட வேகமாகத் தட்டுவாள். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார்? உள்ளதைச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? இதை யோசிக்காமலா ஒரு மனுஷி தன் வியாதியை எடுத்து நீட்டுவாள்? நான் யோசிக்கவில்லை. பச்சையைப் பார்க்கப் பிடித்திருந்தது, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

இந்தச் சனிக்கிழமை விக்கிரமசிங்கபுரம் போயிருந்தேன். அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி விரலில் குத்தி மீட்டரை என்னிடம் நீட்டினாள். 262. அவள் மீட்டரைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பழைய கேள்வி வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"காப்பி போடட்டுமாக்கா?"

"போடு. சீனி வேண்டாம்."

அடுப்படியில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் போன் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தேன். 262. சிவப்பு. அக்காவே போட்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பியை ஆற்றினேன்.

எந்த ஆப் என்று கேட்டிருந்தீர்களே... ஆப் நல்ல ஆப்தான். தம்பிதான் சரியில்லை.