F2 அழுத்தியதும் காணாமல் போன விண்டோ

அக்ரஹாரத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நான் சட்டென்று பிரேக் பிடித்தேன். ஸ்கூட்டரின் பின்னால் இருந்த என் மகள் ஷீலா கீழே விழுந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவளோ அந்த மாவுக்கட்டின் மேல் கையெழுத்துப் போடச் சொல்லி எல்லோரிடமும் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் ஒரே அலுவலகம். நான் லினக்ஸ் சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்பவன். அவள் சேர்ந்து இரண்டு மாதம். ஒரே பக்கத்தை இரண்டு பேர் டைப் செய்திருப்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பது அவள் வேலை. விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் திறக்கும். ஒவ்வொரு முறையும் மவுஸால் இழுத்துப் பிரிக்க வேண்டும். இடது கையால் இழுத்தால் விண்டோ எங்கெங்கோ ஓடியது.

கன்னடமும் தமிழும் கலந்து பேசும் மேனேஜர் ரங்கப்பா பார்த்துவிட்டார். "ஹீகாதரே ஹேகே ரீ? இப்படி இருந்தா எப்படி? திங்கக்கிழமையும் இதே ஸ்பீடுன்னா வேற ஆள் போட்டுடுவேன். பேஜார் பண்ணிக்காதீங்க."

ஞாயிறு சர்ச் முடிந்ததும் நான் மட்டும் அலுவலகம் போனேன். விண்டோக்களை நகர்த்தி வைக்கும் மென்பொருளான விண்டோ மேனேஜரின் கான்ஃபிக் ஃபைலில் இரண்டு வரி சேர்த்தேன். ஆல்ட்டோடு F1 அழுத்தினால் விண்டோ இடப்பக்கம். F2 என்றால் வலப்பக்கம். எல்லாமே இடது கைக்கு எட்டும். விண்டோ நிற்க வேண்டிய இடத்தைத் திரை அகலத்தின் சதவீதமாகக் கொடுக்க வேண்டும். இடப்பக்கத்துக்கு 0 கொடுத்தேன். ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் வலப்பக்கத்துக்கு 100 போட்டு, அழுத்திப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன்.

திங்கள் காலை ரங்கப்பா எங்கள் பின்னால் வந்து நின்றார். ஷீலா F1 தட்டினாள். "பரவால்லியே!" என்றார். F2 தட்டினாள். விண்டோவைக் காணோம்.

"எல்லி ரீ? எங்க போச்சு? கஸ்டமர் ஃபைல் ரீ அது!"

பெற்ற பெண்ணின் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன்.

ஷீலா பதறவில்லை. திரையின் மூலையில், கண்ணுக்குத் தெரியாத மற்ற ஸ்க்ரீன்களையும் காட்டும் சின்ன வரைபடத்தைப் பார்த்தாள். "அப்பா, பக்கத்து ஸ்க்ரீன்ல உக்காந்திருக்கு. எவ்ளோ போட்டீங்க?"

"நூறு."

"விண்டோவோட இடது ஓரமில்ல நூறுல போய் நிக்குது? முழுசும் வெளியதான் இருக்கும். ஐம்பது போடுங்கப்பா."

போட்டு, விண்டோ மேனேஜரை ரீஸ்டார்ட் செய்தேன். வலது பாதியில் கச்சிதமாக நின்றது.

மதியத்துக்குள் பதினெட்டுப் பக்கம் முடித்துவிட்டாள். ரங்கப்பா எட்டிப் பார்த்தார். "வேற ஆள் பேடா, வேண்டாம். என் மெஷின்லயும் இந்த ரெண்டு கீயும் வேணும்." நான் எழுந்தேன். "நீங்க கூத்கொள்ளி சார், உக்காருங்க. பாப்பாவே போடட்டும்!"

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கமும் வரும் என்று நம்பாதீர்கள். யாருக்காக ஷார்ட்கட் வைக்கிறீர்களோ, அவரையே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பாவம், ஓய்வெடுக்கட்டும் என்று அந்த ஞாயிறு ஷீலாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள்.