மீலி படகில் ஏறி உட்கார்ந்தாள்

முளைவிட்ட உருளைக்கிழங்கு ஒன்றைக் கையில் எடுத்து, வாசற்படியில் நின்றபடி ஆற்றுப் பக்கம் வீசுகிறாள் மீலி. மார்ச் பிறந்துவிட்டால் காலையில் இதுதான் அவளுக்கு முதல் வேலை, காப்பிகூட அப்புறம்தான். கிழங்கு 'பொத்' என்று விழுந்தால் புல்தரை. 'களுக்' என்றால் தண்ணீர். பதினெட்டு வருடங்களாக என் சமையலறை ஜன்னலில் இருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டு வருகிறேன். கோடையில் அந்தப் புல்வெளியில் அங்கங்கே உருளைக்கிழங்குச் செடி தலைநீட்டும். புல் வெட்ட வருகிறவர்கள் அவற்றைச் சுற்றி வெட்டிவிட்டுப் போவார்கள்.

தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று நடந்து போய்ப் பார்க்க முடியாததால்தான் வீசுகிறாள். பதினெட்டு வருடத்துக்கு முன் உறைந்த பாதையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வீட்டுக்குள் இரண்டு கோல்களை ஊன்றி நடப்பாள். வாசலில் மூன்று படி இறங்குவாள். அதற்கு மேல் தரை அவளுக்கு ஒத்துவராது. ஆனால் தோள்கள் இரண்டும் அறுபத்தாறு வயதுத் தோள்கள் அல்ல. ஊறுகாய் முட்டைக்கோஸ் ஜாடிகளின் மூடி இறுகிக்கொண்டால், ஊரில் பாதிப்பேர் அவளிடம்தான் கொண்டுபோவார்கள்.

எங்கள் ஊருக்கு முடி வெட்டுகிறவள் அவள். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் மாட்டுக்கொட்டகையில் பால் கறந்தாள். கறவை மாடுகளின் வால்முடியைக் கத்தரித்துப் பழகி, அப்படியே மனிதர்களுக்கு வந்துவிட்டாள். "மாடு காலால உதைக்கும், நீங்க வாயால உதைக்கிறீங்க. வேற வித்தியாசம் இல்ல" என்பாள்.

வருடம் முழுக்க ஊர் அவள் வீட்டுக்குப் போகும். ஏப்ரலில் மட்டும் அவள் ஊருக்கு வருவாள். காட்டுப் பனி உருகி, ஆறு கரையை மறந்துவிடும் அந்த மூன்று வாரம் சாலை முழுகிப்போகும், புல்வெளி ஏரியாகிவிடும், பிர்ச் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். ரொட்டி வாங்கக்கூட நாங்கள் படகில்தான் போவோம். தண்ணீர் மீலியின் மூன்றாவது படியைத் தொட்டதும் அவள் பிஸ்கட் டப்பாவில் கத்தரிக்கோலைப் போட்டுக்கொண்டு படகில் இறங்குவாள். அப்புறம் எங்களில் ஒருவராலும் அவளை எட்டிப்பிடிக்க முடியாது. வீட்டு வராந்தாத் தூணில் படகைக் கட்டிவிட்டு, ஆளைப் படியில் உட்காரவைத்து வெட்டுவாள். வெட்டிய முடி கொத்துக் கொத்தாக வெள்ளத்தில் மிதந்து போகும். வாத்துகள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பும்.

முதலில் எப்போதும் ஹில்யா வீடு. கொட்டகையில் மீலிக்குப் பக்கத்துப் பசுவைக் கறந்தவள் ஹில்யா. சாலையில் போனால் அவள் வீடு பத்தொன்பது கிலோமீட்டர்; தண்ணீரில் போனால் புல்வெளியைத் தாண்டி இரண்டே கிலோமீட்டர்.

கடந்த இரண்டு வருடமும் பனி சரியாக விழவில்லை. ஆறு தன் பள்ளத்திலேயே கிடந்தது. காரில் கூட்டிப்போகிறோம் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தோம். "ஏத்தி இறக்க நான் என்ன மாவு மூட்டையா? போனா என் கையால போவேன்" என்றுவிட்டாள். அந்தப் பக்கம் ஹில்யாவும் அதே மாதிரி. வேறு யாரையும் தலையில் கைவைக்க விடவில்லை. இருவரும் தினமும் சாயங்காலம் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கத்திப் பேசுவார்கள். ஜன்னலை மூடியிருந்தாலும் எனக்குக் கேட்கும்.

இந்த வருடம் பனி தாராளமாக விழுந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் கிழங்கு 'களுக்' என்றது. தண்ணீர் பிளம் மரம் வரைக்கும் ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது. மரத்துக்கும் மீலியின் படிக்கும் நடுவில் பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரம். நான்கு நாள் அப்படியே. இரவில் மறுபடி உறைய ஆரம்பித்தது. இனி ஆறு இறங்கும் என்று வானொலியில் சொன்னார்கள். அன்றைக்குச் சாயங்காலம் தொலைபேசியில் ஹில்யாவின் குரல் கேட்டது.

"மீலி, கண்ணுல பால் ஊத்தின மாதிரி எல்லாம் மங்கலா இருக்குடி. அடுத்த வருஷம் வந்தா உன் மூஞ்சி எனக்குத் தெரியாது. இப்பவே வந்து பாத்துக்கோ, நான் எவ்வளவு அழகா இருக்கேன்னு."

மீலி சிரித்தாள். ஆனால் அன்று வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் கிழங்கு வீசவில்லை. மூன்று படி இறங்கி, படி ஓரத்தில் கட்டிக் கிடந்த படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கம்பளி, காப்பி பிளாஸ்க், கறுப்பு ரொட்டி, பிஸ்கட் டப்பா, துடுப்பு இரண்டு, எல்லாம் உள்ளே. படகு இருந்தது பச்சைப் புல்மேல்.

முதலில் பார்த்தவன் வால்துர். பள்ளியில் அவளோடு படித்தவன், மரம் அறுக்கும் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போகத் தெரியாதவன்.

"என்ன மீலி, கப்பல் எந்த ஊருக்கு?"

"உன் மூளை இருக்கற ஊருக்கு. ரொம்ப தூரமாச்சே, அதான் காலையிலயே ஏறிட்டேன்."

"தண்ணி இனிமே வராது. ராத்திரி உறைஞ்சுது, பாக்கலையா?"

"பாலத்துக்கு மேல்பக்கம் ஆத்துல பனிக்கட்டி அப்படியே கெடக்கு. அது நகர்ந்து பாலத்துல அடைச்சுக்கிட்டா தண்ணி வரும்."

"அடைச்சுக்கலைன்னா?"

"உக்காந்திருப்பேன். உன் மடியிலயா உக்காந்திருக்கேன்?"

இருட்டினால் உள்ளே போவாள், விடிந்தால் படகுக்கு வந்துவிடுவாள். இரண்டாம் நாள் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்களை அவள் சும்மா அனுப்பவில்லை. படகின் பின்பலகையில் உட்காரவைத்து முடி வெட்டினாள். ஒரே நிபந்தனை, சேற்றுக் காலோடு ஏறக்கூடாது. ரப்பர் பூட்ஸைப் புல்லில் கழற்றிவைத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். நான் பிர்ச் மரத்துச் சாறு ஒரு செம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். "அடியே, கப்பல்ல சாப்பாடும் உண்டுன்னு சொல்லு, கூட்டம் இன்னும் வரும்" என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வால்துரே வந்தான். பூட்ஸைக் கழற்றினான். மீலி அவன் கழுத்தில் துண்டைச் சுற்றி, வலது பக்கம் முழுவதையும் ஒட்ட வெட்டி முடித்திருந்தாள். அப்போது கீழே பாலத்துப் பக்கம் இடி மாதிரி ஒரு சத்தம். மீலி தலை நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து வெட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து வால்துரின் குரல் கேட்டது.

"ஆட்டாத மீலி, காது போயிரும்."

"நான் ஆட்டலை. நீ ஒழுங்கா உக்காரு."

"நான் எங்க ஆடினேன்?"

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. ஜன்னலில் இருந்து நான் பார்த்தது பூட்ஸைத்தான். புல்லின்மேல் நின்றிருந்த இரண்டும் மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வேலியை நோக்கிக் கிளம்பின.

மீலி கத்தரிக்கோலை டப்பாவில் போட்டாள். மூடியை அழுத்தி மூடினாள். கயிற்றை அவிழ்த்துத் துடுப்பை எடுத்தாள்.

"மீலி! பாதிதான் ஆயிருக்கு!"

"மீதி ஹில்யா வீட்டுல."

"என் பூட்ஸு?"

"அதுவும் அந்தப் பக்கம்தான் போகுது. வழியில பாத்தா எடுத்துக்க."

துடுப்புப் போடுகிறவர் பின்னோக்கித்தானே உட்காரவேண்டும். அதனால் பிளம் மரத்தைத் தாண்டி, முழுகின வேலியைத் தாண்டிப் போகப்போக மீலியின் முகம் என் பக்கமே இருந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு. அவளுக்கு எதிரே, ஒரு பக்கம் மொட்டையும் ஒரு பக்கம் புதருமாக வால்துரின் பின்மண்டை. நான் வாசலுக்கு ஓடிவந்து கையை ஆட்டினேன். என்னையறியாமல் கத்தியும்விட்டேன் போலிருக்கிறது. எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

வால்துர் மறுநாள் ரொட்டி வண்டியில், இந்தத் தடவை முழுகாத சாலையைச் சுற்றித் திரும்பிவந்தான். காலில் ஹில்யாவின் காலஞ்சென்ற கணவருடைய செருப்பு. தலை போனபடியே வந்திருந்தது. ஹில்யாவின் முடி இடுப்பைத் தொட்டதாம். கழுவி, சிக்கெடுத்து, வெட்டி முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டதாம். காலையில் அவர்கள் பேசி முடிப்பார்கள் என்று காத்திருந்து பார்த்தானாம். "ரெண்டு பேரும் மாறி மாறி மூஞ்சியைத் தடவிப் பாத்துக்கிட்டு இருக்காளுக. நடுவுல நான் எங்க தலையை நீட்டறது?" என்றான். மீதியை அவன் மருமகள் வெட்டிவிடுவதாகச் சொன்னாள். "ஆரம்பிச்சவ முடிக்கட்டும்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டான்.

தண்ணீர் இறங்குகிறது என்று சொல்ல நேற்று நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். "படகு வர்றதுக்கு இன்னும் ரெண்டு நாள்தான் தண்ணி இருக்கும், மீலி."

"அப்படியா? இங்க இப்பவே இல்லையே" என்றாள். பின்னால் ஹில்யா சிரிப்பது கேட்டது.

மீலி போய் இன்று பதினோராம் நாள். வால்துர் கடை வாசலில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெயில் காய்கிறான். மீலியின் படகு ஹில்யா வீட்டு ஆப்பிள் மரத்தில் கட்டிக் கிடக்கிறது, புல்லின்மேல்.