கொத்திய சுவர்

எல்லைப் பேச்சு ஓய்ந்து, திருத்தணி தமிழ்ப் பக்கம், சித்தூர் தெலுங்குப் பக்கம் என்று ஆன சமயம். சித்தூரில் ஒரு பழைய மிஷன் கோயிலின் சுவரைச் சீர்செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். நான் திருப்பதியில் மடங்களுக்கும் சத்திரங்களுக்கும் சுண்ணாம்புப் பூச்சும் சித்திர வேலையும் செய்துகொண்டிருந்தவன். சபை அப்போதே தமிழர், தெலுங்கர் என்று இரண்டு பட்டிருந்தது; நான் யாருக்கும் உறவில்லை, சாமியும் வேறு. அதனால்தான் தேடி வந்தார்கள்.

பீடத்துக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு தேவதூதன். கையில் விரித்த சுருள், அதில் தமிழில் ஒரு வசனம். கூரை ஒழுகி ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கழுவி, விட்ட இடத்துக்கு வண்ணம் கொடுத்தால் போதும். அதைத்தான் முதலில் செய்யச் சொன்னார்கள். பிறகு சுருளில் தமிழ் இருக்கலாமா, தெலுங்கில் மாற்றி எழுதுவதா என்று சண்டை வந்தது. ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றவர்கள் வாசலில் நின்று ஒருவர் ஆத்தாளை ஒருவர் இழுத்துத் திட்டினார்கள். கடைசியில், எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒன்றில் ஒத்துப்போனார்கள்.

"இந்த கொடவ, சண்டையே வாணாம்பா. வெறும் சுருள வுட்டா எவனாவது மறுபடி எழுதுவான். தூதனையும் சேத்து மொத்தமா பூசி வெள்ளையடிச்சுடு," என்றார் தெலுங்குக்காரர். தமிழர் தலையாட்டினார். பாம்பும் நோகக்கூடாது, அடித்த கோலும் நோகக்கூடாது. நோவதற்குச் சுவர் இருந்தது.

அந்தச் சித்திரத்தை எழுதியவர் உயிரோடு இருந்தார். சபையைச் சேர்ந்த கிழவர், கை நடுக்கம் வந்து தூரிகையை விட்டவர். நான் சாரம் கட்டிய அன்று வந்து, என் சுண்ணாம்பை விரலில் எடுத்துப் பார்த்து, "இன்னும் புளிக்கலியே," என்றார். சுண்ணாம்பு ஊறிப் பக்குவப்படவில்லை என்று என் ஆட்கள் முன்னால் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தூதனின் முகம் அவர் மகளுடையதாம். பன்னிரண்டு வயதில் அம்மை கண்டு செத்துப்போனவள். போட்டோ எதுவும் கிடையாது. முகமெல்லாம் கொப்புளத்தோடு புதைத்த பிள்ளையை, ஒரு தழும்பும் இல்லாமல் அவர் சுவரில் எழுதி வைத்திருந்தார்.

பழைய சுவரில் புதுச் சாந்து பிடிக்க வேண்டுமென்றால் உளியால் நெருக்கமாகக் கொத்தி, பள்ளம் பள்ளமாக்கிக்கொள்ள வேண்டும். வழுவழுப்பின் மேல் அப்பினால் இரண்டு மழைக்குள் அப்பளமாக உப்பி விழுந்துவிடும். இது அவருக்கும் தெரியும்.

"மூஞ்சிய மட்டும் கொத்தாத, நைனா. அது மேல சும்மா பூசிடு. ஒரு மழ, ரெண்டு மழல தானா வியுந்துடும். நான் போறதுக்குள்ள ஒரு வாட்டி பாத்துக்கினா போதும்."

"சரி பெரியவரே, தொடமாட்டேன்," என்றேன்.

தொட்டேன். பூச்சு விழுந்தால் திருப்பதி வரை பேச்சு வரும், மடத்து வேலை போய்விடும் என்று காரணம் சொல்லலாம். நிஜம் அதுவல்ல. ஆட்கள் முன்னால் குறை சொன்ன வாய்க்கு இது வேண்டும் என்றிருந்தது எனக்கு. மறுநாள் காலை ஆட்களைச் சாந்து குழைக்க வெளியே அனுப்பிவிட்டு, நானே ஏறி முகத்தைக் கொத்தினேன். இறங்கி வந்து நிமிர்ந்து பார்த்தால், அம்மை வார்த்த முகம் மாதிரியே இருந்தது. இருந்தும் பூசி முடித்தேன். சாயங்காலம் வந்தவரிடம், முகம் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னேன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் முன்வரிசை பெஞ்சை விட்டு நகர்வதில்லை என்று கேள்விப்பட்டேன். மழை பிடித்தால் வாரநாளிலும் வந்து உட்காருவாராம். வெள்ளைச் சுவரை வெறித்துப் பார்க்கும் கிழவருக்குப் பைத்தியம் என்று சபை சிரித்தது. சிரிப்பதிலும் இரண்டு பக்கமும் ஒற்றுமை.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட வாரம், திருப்பதியில் ஒரு சத்திரத்தின் விதானத்தில் வேலையாக இருந்தேன். சாரத்துக்குக் கீழே அவர் நின்றார். தனியாக பஸ் ஏறி வந்திருந்தார்.

"கூர ஒயுகி, தண்ணி நேரா மூஞ்சி மேலயே எறங்குச்சு. ஒரு சில்லுகூட பேரல," என்றார்.

நான் இறங்கவில்லை. "கெட்டிச் சாந்து, பெரியவரே," என்றேன்.

"சாந்து இன்னா பண்ணும். கொத்தாத சுவத்துல எதுவும் நிக்காது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்ட என்னிடம் வார்த்தை இருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தபடி கேட்டார். "ஒன்னே ஒன்னு சொல்லு, நைனா. மொதல்ல எங்க கொத்தின?"

"கண்ணுல," என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணுக்கு எதிரில் உளி ஓடவில்லை. அதனால்தான் அங்கே ஆரம்பித்தேன். இந்த ஒரு முறை பொய் வரவில்லை.

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப சரி," என்றார். "மீதிய அவ பாக்கல."